பிராட்லாவின் கடிகாரம்

நம்முடைய பொதுக்கூட்டங்களுக்கு வரும் தோழர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். பேச்சாளர் மூடநம்பிக்கையைப் பற்றி முழங்கிக்கொண்டிருக்கும்போது மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும். காற்றைக் கண்ணால் கண்டீரா, தாயின் அன்பைக் கையால் தொட்டீரா, பிறகு ஏன் கடவுளை மட்டும் காட்டச் சொல்கிறீர் என்று அதில் எழுதியிருக்கும். கண்ணால் கண்டால்தான் நம்புவோம் என்று அடம் பிடிப்பவர்கள் நாம். காணாமலே நம்பும் பக்குவம் பெற்றவர்கள் அவர்கள். இதுதான் சீட்டு எழுதிய அன்பரின் எண்ணம்.

இந்தக் கணக்கு சரிதானா? சரிபார்க்க நினைப்பவர்களுக்கு, இங்கிலாந்து நாட்டிலே வாழ்ந்து மறைந்த சார்லஸ் பிராட்லாவின் வாழ்க்கையை நாம் எடுத்துக்காட்டுவோம். 1891-ல் கண்மூடியவர். அவர் காலத்தில் அந்த நாட்டு மாதா கோயில்களிலும் தேநீர் விருந்துகளிலும் அவரைப் பற்றி ஒரு கதை உலவிற்று. பிராட்லா மேடை ஏறினாராம். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தாராம். கடவுள் என்று ஒருவர் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் தன்னைச் சாகடிக்கட்டும் என்று அறைகூவல் விட்டாராம். முள் நகர நகர, கூட்டத்தில் பெண்கள் மயங்கி விழுந்தார்களாம்!

கதையைச் சற்று நேரம் அப்படியே வைத்துவிட்டு, மனிதரைப் பார்ப்போம்.

லண்டன் மாநகரின் கிழக்கே, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஹாக்ஸ்டன் பகுதியில் 1833-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி பிறந்தவர் பிராட்லா. தகப்பனார் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் வாய்கள் அதிகம், வருமானம் குறைவு. பதினோரு வயதோடு பள்ளிக்கூடம் நின்றது. தகப்பனார் இருந்த அலுவலகத்திலேயே எடுபிடிப் பையன். பிறகு ஒரு நிலக்கரி வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலை.

பக்தியில் குறைந்த பிள்ளை அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித் தருமளவுக்கு ஊறியவன். பிஷப் வரப்போகிறார், அவர் முன்னிலையில் நன்றாகப் பதில் சொல்ல வேண்டும், ஆகவே ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளை ஊன்றிப் படித்து வா என்று பாக்கர் என்ற பாதிரியார் பணித்தார். பையன் படித்தான். அதோடு விட்டானா? நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படித்தான். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பாதிரியாருக்குப் பணிவோடு ஒரு கடிதம் எழுதினான். இந்த முரண்பாடுகளை எப்படிப் புரிந்துகொள்வது, விளக்கி உதவ வேண்டும் என்று கேட்டான்.

கவனிக்க வேண்டும், தோழர்களே. அந்தப் பையன் கடவுளைக் காட்டச் சொல்லவில்லை. அற்புதம் செய்யச் சொல்லவில்லை. அச்சடித்த இரண்டு ஏடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தைக் காட்டச் சொன்னான். அவ்வளவே.

பதில் அவனுக்கு வரவில்லை. அவன் தகப்பனாருக்குப் போயிற்று. உம் மகன் நாத்திகனாகிவிட்டான் என்பது செய்தி. மூன்று மாதத்துக்குப் பாடம் நடத்தக் கூடாதென்று தடையும் கூடவே வந்தது. அது வரையில் நாத்திகம் என்ற எண்ணமே பையன் மனத்தில் எழவில்லை. அந்தப் பட்டத்தைச் சூட்டியவரே பாதிரியார்தான்! ஞாயிற்றுக்கிழமை காலியாகிவிட்டதால், திறந்த வெளியில் தொழிலாளிகள் கூடி மதத்தையும் அரசியலையும் தர்க்கம் செய்யும் திடலுக்குப் போகத் தொடங்கினான். முதலில் மதத்தின் பக்கம் நின்று வாதாடினான்; வாதாட வாதாட எதிர்ப்பக்கம் சாய்ந்தான். கடைசியில் அவனுக்கு மூன்று நாள் தவணை கொடுக்கப்பட்டது. அதற்குள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும். பதினாறு வயதுப் பையன் வேலையையும் விட்டான், வீட்டையும் விட்டான்.

அவனுக்கு இடம் கொடுத்தவர் ஒரு ஏழைப் பெண்மணி: எலிசா ஷார்ப்பிள்ஸ். பத்திரிகை உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடிய ரிச்சர்டு கார்லைலின் துணைவியாக வாழ்ந்தவர். இருப்பதைப் பகிர்ந்து உண்ணும் அந்த வீட்டில் தங்கி, பிராட்லா நிலக்கரி விற்றுப் பார்த்தார். நாத்திகனிடம் கரி வாங்கினால் அடுப்பு எரியாது என்று எண்ணினார்களோ என்னவோ, வாடிக்கையாளர்கள் விலகினார்கள். சிறுகடன் சேர்ந்தது. தோழர்கள் பணம் திரட்டிக் கொடுக்க முன்வந்தபோது மானம் தடுத்தது. 1850-ம் ஆண்டின் இறுதியில் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்கு அனுப்புவார்கள் என்பது அவருடைய ஆசை. அனுப்பியதோ அயர்லாந்துக்கு. வாரம் கட்ட முடியாத குடியானவர்களைக் குடிசையிலிருந்து வெளியேற்றும் கொடுமையை அங்கே கண்ணெதிரே கண்டார். அயர்லாந்து மக்களுக்காகப் பின்னாளில் அவர் பேசியதற்கெல்லாம் வித்து அதுதான்.

1853-ல் உறவுக்காரப் பாட்டி விட்டுச்சென்ற பணத்தால் பட்டாளத்திலிருந்து விடுதலை வாங்கிக்கொண்டு லண்டன் திரும்பினார். பகலில் வக்கீல் குமாஸ்தா, மாலையில் மேடை. வேலை கொடுத்தவருக்குத் தொல்லை வரக் கூடாதென்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார்: ‘ஐக்கனோகிளாஸ்ட்’. சிலையுடைப்போன் என்று பொருள். நம் வாசகர்களுக்குப் புதிய சொல் அல்ல! 1860-ல் ‘நேஷனல் ரிபார்மர்’ ஏட்டின் ஆசிரியரானார். 1866-ல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார். ஊர் ஊராக ரயிலேறிப் போய்ப் பேசினார். அரங்குக் கதவைப் பூட்டினார்கள், கல்லெறிந்தார்கள், போலீசை ஏவினார்கள். இவையெல்லாம் நம் தோழர்கள் அனுபவித்து அறிந்தவையே. விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை விரித்துச் சொல்லியாக வேண்டும். அந்நாளில் இங்கிலாந்து நீதிமன்றங்களில் சாட்சி சொல்ல வேண்டுமானால் கடவுள் மீது ஆணையிட வேண்டும். ஆணையில் நம்பிக்கையில்லாதவன் சாட்சி சொல்லத் தகுதியற்றவன். பிராட்லா தமக்கு வரவேண்டிய பணத்துக்காக வழக்குத் தொடுத்தார்; நாத்திகர் என்ற காரணத்தால் அவருடைய சாட்சியமே எடுபடவில்லை. கொடுத்தவன் கையைப் பிசைந்துகொண்டு வெளியே வர வேண்டியதுதான். அதாவது, ஒரு மனிதன் உண்மை பேசுகிறான் என்பதற்கு அவனுடைய நாணயம் போதாது. புத்தகத்தைத் தொட்டு முத்தமிடும் காட்சி வேண்டும்! விடாப்பிடியாகப் போராடினார். 1869-லும் 1870-லும் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. நம்பிக்கையில்லாதவர்கள் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்ல வழி பிறந்தது.

கடவுளைப் பற்றி அவர் சொன்னதுதான் என்ன? கடவுள் இல்லை என்று கூரைமேல் ஏறிக் கூவியவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய வாதம் வேறு. கடவுள் என்ற சொல்லுக்கு நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். பொருள் விளங்காத ஒன்றை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நீங்கள் சொல்லும் பொருள் பகுத்தறிவுக்கு முரணானால் அப்போது மறுப்பேன். இதுதான் அவர் நிலை. வக்கீல் குமாஸ்தா அல்லவா! தஸ்தாவேஜில் எழுதியிருப்பது இன்னதென்று தெரியாமல் கையெழுத்துப் போட மறுப்பவரின் பேச்சு இது. இடி விழுகிறதா இல்லையா என்று வானத்தை அண்ணாந்து பார்ப்பவரின் பேச்சல்ல.

இனி, கடிகாரக் கதைக்கு வருவோம்.

கதை பொய். பிராட்லா அப்படி ஒருபோதும் செய்ததில்லை. பல முறை மறுத்தார். பழி சுமத்தியவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கவும் செய்தார். ஓர் ஊரில் பொய்யென்று நிரூபித்தால் அடுத்த ஊரில் முளைக்கும். ஊர் மாறும், அரங்கு மாறும், ஐந்து நிமிடம் என்பது கூடும் குறையும். அவருக்கு முன் வாழ்ந்த வேறு நாத்திகர்களைப் பற்றியும் இதே கதை சொல்லப்பட்டதுண்டு. யார் இட்டுக்கட்டினார்கள்? நாத்திகர்கள் அல்ல. அதை விரும்பிச் சொன்னவர்கள், விரும்பிக் கேட்டவர்கள், அச்சிட்டுப் பரப்பியவர்கள் எல்லோரும் பக்தர்களே. வானத்திலிருந்து ஒரு வாள் இறங்கி வந்து அந்தப் பெரிய உடம்பை இரண்டாகப் பிளக்கும் காட்சிக்காக ஏங்கியவர்கள் அவர்கள்தான். இறங்கி வராததால் கதையோடு ஆறுதல் கொண்டார்கள்.

இதைப் பற்றி பெர்னாட்ஷா எழுதியிருக்கும் நிகழ்ச்சி சுவையானது. ஏறத்தாழ 1878, ஷா அப்போது இருபது வயதைச் சற்றே தாண்டிய, பெயர் தெரியாத இளைஞர். லண்டனில் ஒரு டாக்டர் வீட்டில் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். பேச்சு மதத்தின் பக்கம் திரும்பிற்று. தீவிர பக்தர் ஒருவர் பிராட்லாவின் கடிகாரக் கதையை எடுத்துவிட்டார். மற்றொருவர் அது வீண்பழி என்று மறுத்தார். ஷா குறுக்கிட்டு, பிராட்லா அப்படிச் செய்யவில்லை என்றால் செய்திருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய விஷயத்துக்கு இவ்வளவு சண்டை எதற்கு, இதோ நான் செய்கிறேன் என்று தம் கடிகாரத்தை வெளியே எடுத்துவிட்டார்! அவ்வளவுதான். அறையே நடுங்கிற்று. இடி குறி தவறாது, குற்றவாளியை மட்டுமே தாக்கும், உங்கள் ஆண்டவன் மேல் நம்பிக்கை வையுங்கள் என்று பக்தர்களுக்கு ஷா எடுத்துச் சொன்னார், பயனில்லை. நம்பிக்கையில்லை என்று அதுவரை வாய் கிழியப் பேசியவர்களாவது துணை நிற்கிறார்களா என்று பார்த்தார். அவர்கள் முகமும் வெளுத்திருந்தது. விருந்தாளிகள் எல்லோரும் ஓடிவிடுவார்கள், ஐந்து நிமிடத்தில் சாகப்போகிற ஒருவனோடு தான் மட்டும் தனியே நிற்க நேரும் என்று பயந்த வீட்டுக்காரர், சோதனைக்குத் தடை போட்டு, பேச்சை மாற்றும்படி கெஞ்சினாராம்.

சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. பகுத்தறிவாளன் என்று சொல்லிக்கொண்டே, பல்லி கத்தினால் ஒரு நொடி தயங்கி நிற்கும் தோழர்கள் நம்மிலும் உண்டு. அந்த அறையில் வெளுத்த முகங்களில் சில நம்முடையவை.

பிராட்லாவின் வாழ்க்கையின் பெரும் போர் இதற்குப் பிறகுதான். லண்டனுக்கு வடக்கே நார்தாம்ப்டன் நகரம். செருப்புத் தைக்கும் தொழிலாளர் நிறைந்த ஊர். 1868-ல் அங்கே பாராளுமன்றத் தேர்தலுக்கு நின்றார்; தோற்றார். அந்தத் தேர்தல் செலவுக்குப் பணம் அனுப்பியதற்காகவே ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற பேரறிஞர்மீது பழி கிளப்பினார்கள். அவரும் தம் தொகுதியில் தோற்றார். 1874-ல் பிராட்லா இருமுறை நின்று இருமுறையும் தோற்றார். 1880-ல் செருப்புத் தொழிலாளர்கள் அவரை வெற்றிபெறச் செய்து காமன்ஸ் சபைக்கு அனுப்பினார்கள்.

சபையில் அமருமுன் ஆணையிட வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் உரிமையைக் காட்டி, ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார் பிராட்லா. குழு அமைத்தார்கள், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடியாது என்று முடிவாயிற்று. சரி, ஆணையே இடுகிறேன், அதிலுள்ள கடவுள் என்ற சொல் எனக்குப் பொருளற்றது, ஆனாலும் ஆணையின் கடமை என்னை முழுதும் கட்டுப்படுத்தும் என்றார். அதுவும் கூடாதாம்! நம்பிக்கையில்லாதவன் ஆணையிட்டால் ஆணை கெட்டுப்போகுமாம். உறுதிமொழிக்கு உரிமையில்லை, ஏனென்றால் நீ மதச் சலுகை பெற்ற குவேக்கர் வகுப்பானல்ல; ஆணைக்கும் உரிமையில்லை, ஏனென்றால் நீ பக்தனல்ல. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

மனத்தில் இம்மியும் பக்தியில்லாமல், ஒரு வார்த்தை பேசாமல், புத்தகத்தை முத்தமிட்டுவிட்டு உட்கார்ந்த கனவான்கள் அந்தச் சபையில் பலர் உண்டு. அவர்களை யாரும் கேட்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னவர்தான் குற்றவாளி. அப்படியானால் சபை கேட்ட அத்தாட்சி எது? நம்பிக்கையா, நம்பிக்கையின் தோற்றமா? கண்ணுக்குத் தெரியாததை நம்பச் சொல்பவர்கள் அன்று ஆறு ஆண்டுக் காலம் சண்டை பிடித்தது, கண்ணுக்குத் தெரியும் ஒரு முத்தத்துக்காக!

1880 ஜூன் 22-ல், பிராட்லா ஆணையிடவும் கூடாது, உறுதிகூறவும் கூடாது என்று 275-க்கு 230 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் வெளியேறச் சொன்னபோது மறுத்தார். மணிக்கூண்டிலே, ‘பிக் பென்’ மணி தொங்குகிறதே அந்தக் கோபுரத்து அறையிலே, அடைத்தார்கள். அடுத்த நாளே விட்டுவிட்டார்கள். ராண்டால்ப் சர்ச்சில் பிரபு (வின்ஸ்டன் சர்ச்சிலின் தகப்பனார்) அரச குடும்பத்தைத் தாக்கி பிராட்லா எழுதியிருந்த சிறு நூலைச் சபையின் நடுவே தரையில் வீசிக் காலால் மிதித்தார். பக்தி எங்கே முடிகிறது, பதவியும் பரம்பரையும் எங்கே தொடங்குகின்றன என்பது அந்த மிதியிலே தெரிந்துவிட்டது. முடியரசு கூடாது என்பவர் பிராட்லா. பிறப்புக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டு 1877-ல் அன்னி பெசண்டு அம்மையாரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர். கடவுளுக்காக மட்டுமா அவரை வெறுத்தார்கள்?

அதே ஜூலையில், பின்விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற ஏற்பாட்டில் உறுதிமொழி கூறி அமர அனுமதி கிடைத்தது. உடனே வழக்கு. அவர் போட்ட ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் அபராதம் கேட்டார்கள். 1881-ல் தீர்ப்பு எதிராக வந்து பதவி காலியாயிற்று. நார்தாம்ப்டன் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி சபைக்குள் நுழைய முயன்றார். போலீசாரும் ஏவலர்களும் அவரைப் பிடித்து, மாடிப்படியில் இழுத்து, முற்றத்திலே தள்ளினார்கள். ஆஜானுபாகுவான மனிதர், எளிதில் அசைக்க முடியவில்லை. சட்டை கிழிந்தது, உடம்பு அடிபட்டது. வெளியே மனுக்களோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டிருந்தார்கள். ஒரு சைகை காட்டியிருந்தால் அன்றைக்கு அந்த முற்றம் என்னவாகியிருக்கும்! காட்டவில்லை. சட்டத்தால் வெல்வேன் என்று வந்தவர், கலவரத்தால் வெல்ல மறுத்தார். அடக்கம் என்பது கோழைத்தனம் என்று எண்ணும் இளந்தோழர்கள் இந்த இடத்தை இரண்டாம் முறை படிக்கட்டும்.

1882 பிப்ரவரியில், யாரும் எதிர்பாராத நேரத்தில் சபைக்குள் நடந்துவந்து, தம் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, தாமே ஆணையைப் படித்து, தாமே முத்தமிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டார்! நீக்கினார்கள். நார்தாம்ப்டன் மூன்றாம் முறை தேர்ந்தெடுத்தது. 1884-ல் நான்காம் முறை. பாதிரிமார் பிரசாரம், பத்திரிகைகளின் வசவு, பணக்காரர் மிரட்டல் எல்லாவற்றையும் மீறி, தோல் தைக்கும் அந்தக் கைகள் சளைக்காமல் ஒரே பெயருக்கு வாக்களித்தன. அவர்களில் பெரும்பாலோர் நாத்திகர் அல்ல, தேவாலயத்துக்குப் போகிறவர்கள்தான். நாங்கள் அனுப்பிய ஆளை நீ யார் திருப்பியனுப்ப என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

பிரதமர் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த பக்தர். பிராட்லாவின் கொள்கை அவருக்குக் கசப்பு. ஆனாலும் 1883-ல் உறுதிமொழி மசோதாவுக்காக அவர் ஆற்றிய பேச்சு அவர் பேச்சுக்களிலே தலைசிறந்தது என்று போற்றப்படுகிறது. வெறும் வாயளவில் ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொள்ளச் செய்வதால் மதத்துக்கு என்ன லாபம் என்பது அவர் வாதத்தின் சாரம். மசோதா மூன்றே வாக்கில் தோற்றது: 289-க்கு 292. நம்பிக்கையுள்ள மனிதரால் நம்பிக்கையில்லாதவனின் உரிமைக்காக மனமார வாதாட முடியும் என்பதற்கு கிளாட்ஸ்டன் சாட்சி. எதிரணியில் இருப்பவர் என்பதற்காக நாம் அதை மறைக்க மாட்டோம்.

1886 ஜனவரி 13-ல் முடிவு வந்தது. புதிய பாராளுமன்றம், சபாநாயகர் பீல். உறுப்பினருக்கும் அவருடைய ஆணைக்கும் நடுவே புகுந்து தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். பிராட்லா ஆணையிட்டு அமர்ந்தார். வானம் இடியவில்லை. 1888-ல் அவரே கொண்டுவந்த ஆணைச் சட்டம் நிறைவேறி, விரும்புகிறவர்கள் உறுதிகூறலாம் என்றாயிற்று. இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் இரண்டு வாசகங்கள் இருக்கின்றன: ஆண்டவன் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். உளமார என்ற சொல்லை நம் சட்டமன்றத்திலே கேட்கும்போது நார்தாம்ப்டன் செருப்புத் தொழிலாளர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

சபையில் இடம் கிடைத்தபின் உழைத்தார். கூலியைக் காசாகக் கொடுக்காமல் முதலாளியின் கடைச் சரக்காகக் கொடுக்கும் முறையை ஒடுக்க 1887-ல் வந்த சட்டத் திருத்தத்தில் அவர் பங்கு பெரிது. ஆனால் சமதர்மத்தை அவர் ஏற்கவில்லை. 1884-ல் ஹைண்ட்மன் என்ற சமதர்மத் தலைவரை எதிர்த்து மேடையில் வாதாடினார். தனி மனிதன் தன் முயற்சியால் உயர முடியும் என்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை. எடுபிடிப் பையனாக இருந்து உயர்ந்தவருக்கு அது இயல்பு; ஆனாலும் எல்லா எடுபிடிப் பையன்களும் பிராட்லா அல்லவே. அந்த இடத்தில் நாம் அவரோடு இல்லை.

இந்தியாவுக்காகவும் பேசினார், இந்தியாவின் உறுப்பினர் என்று பட்டப்பெயரே வந்தது. 1889 டிசம்பரில் பம்பாய் காங்கிரசுக்கு நோயுடம்போடு வந்தார். வாலிபத்தில் பட்டாளத்துச் சிப்பாயாக வர நினைத்த நாட்டுக்கு, அதன் உரிமைக்காகப் பேசுபவராக வந்து சேர்ந்தார். சென்னையிலோ அவர் பெயர் அதற்கு முன்பே தெரியும். 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற ஏட்டைத் தமிழில் நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தார் அவர் வழியைப் பின்பற்றியவர்கள். பகுத்தறிவு நம் நாட்டில் நேற்று முளைத்தது என்பவர்கள் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அதே 1889-ம் ஆண்டு அவர் நெஞ்சில் ஒரு முள்ளும் தைத்தது. பதினைந்து ஆண்டு தோளோடு தோள் நின்ற அன்னி பெசண்டு அம்மையார், பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். நம் சென்னை அடையாற்றிலே, எங்கோ மலைகளுக்கப்பால் வாழும் மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் தாமாகவே வந்து விழுவதாகச் சொன்ன சபை அது. லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்ற ஆராய்ச்சியாளர் அடையாறுக்கே வந்து பார்த்தார். கடிதங்கள் தோன்றிய அலமாரிக்குப் பின்புறம் இரகசிய வழி இருந்தது, எல்லாம் மோசடி என்பது 1885-ல் வெளிவந்த அறிக்கையின் முடிவு. பெசண்டு அம்மையார் அந்த அறிக்கையைப் படித்தபின்தான் சபையில் சேர்ந்தார்! நம்பிக்கை தானாகவே முன்வந்து கண்கண்ட அத்தாட்சி காட்டியது. அத்தாட்சி பொய் என்றார்கள். நம்பிக்கை மட்டும் போகவில்லை. பிராட்லா வருந்தினார், வருத்தத்தை வெளிப்படையாக எழுதினார், வசைபாடவில்லை.

1891 ஜனவரியில் படுத்த படுக்கையானார். 27-ந் தேதி காமன்ஸ் சபை கூடி, 1880-ல் அவரைத் தடுத்து நிறைவேற்றிய தீர்மானத்தைத் தன் ஏடுகளிலிருந்தே நீக்கிவிட ஒப்புக்கொண்டது. செய்தியைக் கேட்டு உணரும் நிலையில் அவர் இல்லை. 30-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 57. விட்டுச்சென்றது கடனும் புத்தகங்களும்.

புரூக்வுட் இடுகாட்டில், மதச் சடங்கு ஏதுமின்றி அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்ட கூட்டத்தில் இந்திய மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி. திரும்பும்போது ரயில் நிலையத்தில் தாம் கண்டதைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு நாத்திகர், அங்கே நின்ற பாதிரியார் ஒருவரை மடக்கினார். பூமியின் சுற்றளவு இவ்வளவு மைல் என்று ஒப்புக்கொள்கிறீர் அல்லவா, அப்படியானால் உம் கடவுளின் அளவென்ன, அவர் இருக்கும் இடமெங்கே என்று கேட்டார். நம் இருவர் நெஞ்சிலும் இருக்கிறார் என்று பாதிரியார் மெல்லச் சொன்னார். நாத்திகர் வெற்றிப் பெருமிதத்தோடு ஏளனம் செய்தார். பாதிரியார் அடக்கமாக மௌனமானார். நாத்திகத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பு அன்று இன்னும் கூடியது என்கிறார் காந்தி.

அந்த நாத்திகர் நம் பக்கத்து ஆள்தான். ஆனாலும் சொல்கிறோம்: அது பிராட்லா கேட்கும் கேள்வியல்ல. கடவுளுக்கு முழக்கோல் போடுவது கடிகாரக் கதையின் மறுபக்கம். துக்கத்துக்கு வந்த பாதிரியாரை ரயிலடியில் நிறுத்தி வைத்து அளவு கேட்பதைவிட, வந்தாரே என்று அவருக்கு நன்றி சொல்லியிருக்கலாம்.

பிராட்லாவின் மகள் ஹைபேஷியா தகப்பனாரின் பகைவர்களை நன்கு அறிந்தவர். நாத்திகன் சாகும் தறுவாயில் கதறினான், மனம் திரும்பினான், பாதிரியாரைக் கூப்பிட்டனுப்பினான் என்ற கதை அடுத்து வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தகப்பனாரின் கடைசி நாட்களில் அருகிருந்து பணிவிடை செய்தவர்களிடம், நோயின்போது அவர் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். கதை வரத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும் அந்தத் தாள்களை எடுத்துக் காட்டி அவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.